எந்த லைசென்ஸ் சார்?

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கம் போய்விடாதீர்கள். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அரசு சிமென்ட் ஆலை உள்ள ஊர். சுற்று வட்டாரமெல்லாம் பட்டாசு. அந்தப் பக்கத்து டீக்கடையில் ஏதாவது ஓர் ஆலைக்கு வழி கேளுங்கள். "எந்த லைசென்ஸ் சார்? டி.ஆர்.ஓ.வா, சென்னையா, நாக்பூரா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

கிண்டல் இல்லை. 15 கிலோ வெடிமருந்து வரை மாவட்ட நிர்வாகம் லைசென்ஸ் தரும். 500 கிலோ வரை மத்திய வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகம். அதற்கு மேல் நாக்பூர் தலைமையகம். தொழிலாளர் பாதுகாப்பைப் பார்ப்பதோ மாநில அரசின் துறை. அரசியல் சட்டப்படி வெடிபொருள் மத்தியப் பட்டியலில், தொழிற்சாலை பொதுப் பட்டியலில், உள்ளாட்சி மாநிலப் பட்டியலில்.

இத்தனை அடுக்கு தப்பா? இல்லை. ஒரே கையில் எல்லா அதிகாரமும் இருந்தால், அந்த ஒரு கையைக் 'கவனித்தால்' போதும். என் புகார் வேறு. ஓர் அடுக்கு எடுக்கும் முடிவு அடுத்த அடுக்குக்கு உரிய நேரத்தில் போய்ச் சேருவதில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சுமார் 40 பேர் கருகினார்கள். அந்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததாகச் செய்தி வந்தது. உத்தரவு இருந்தது, ஆலையும் ஓடியது! 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். 20 பேருக்கு மேல் பலி. உரிமம் ஒருவர் பெயரில், உள்குத்தகையில் வேலை நடத்தியது வேறு ஆட்கள் என்று புகார் எழுந்தது.

நாக்பூருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊருக்குத் தெரியாதா? நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் எத்தனை பேர் என்பது, காலையில் ஆள் ஏற்ற வரும் வேனைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால், தெரிந்த பஞ்சாயத்துக்குப் பேனா இல்லை. பேனா உள்ளவர்களுக்குத் தெரிவதில்லை. விபத்துக்குப் பிறகு நிவாரணம் அறிவிக்க மட்டும் டெல்லியும் சென்னையும் ஒரே நாளில் ஒன்று சேர்ந்துவிடுகின்றன.

பெரிய சீர்திருத்தம் எதுவும் கேட்கவில்லை. உரிமம் யார் பெயரில், ஓர் அறைக்கு எத்தனை பேர், கடைசி ஆய்வில் என்ன குறை... இதைத் தமிழில் எழுதி பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். கிராம சபையில் உரக்கப் படியுங்கள். ஆலையை நிறுத்தச் சொன்னால், அன்றைக்கே அதன் கேட்டில் நோட்டீஸ் தொங்கட்டும்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண், அதைப் படித்துவிட்டு, வேனில் ஏறாமல் வீடு திரும்பலாம். நாக்பூரில் எடுத்த முடிவு அப்போதுதான் முடிவாகிறது.