குரங்கின் பட்டினியும் அம்மாவின் ராத்திரிச் சாப்பாடும்

போன மாசம் பாலவனத்தம் போயிருந்தபோது, அம்மா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். "வயசானவங்க கொறச்சுச் சாப்பிட்டா சீக்கு வராதாம்ப்பா, கொரங்குக்கே செஞ்சு பாத்துட்டாங்களாம்." வாட்ஸ்அப் உபயம். அம்மாவுக்கு வயசு 74, உடம்பில் எலும்புதான் பாக்கி. அந்தக் குரங்கு சமாச்சாரம் என்னதான் என்று மூலக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. 2006-ல் இல்ஹெம் மெசவுதியும் சகாக்களும் பிஎன்ஏஎஸ் இதழில் எழுதியது அது. பல வருடங்கள் கலோரி குறைத்துச் சாப்பிட்ட ரீசஸ் குரங்குகளுக்கு, கிழவயதிலும் புது டி செல்கள் அதிகம் மிஞ்சியிருந்தன. இதுவரை எந்தக் கிருமியையும் பார்க்காத செல்கள் இவை. வயசாக ஆக இந்தக் கையிருப்பு கரையும். (அமெரிக்க ஆய்வகங்களின் ரீசஸ் குரங்குகளில் பலவற்றுக்குப் பூர்வீகம் நம்ம நாடுதான், 1978-ல் ஏற்றுமதியை நிறுத்தினோம்.)

எனக்கு இடிப்பது இங்கேதான். செல்லை எண்ணினார்கள், சரி. நிஜக் காய்ச்சல் வந்தால் குரங்கு தாங்குமா? சர்வரில் மெமரி எவ்வளவு காலி என்று மட்டும் பார்த்துவிட்டு, லோடு டெஸ்ட் பண்ணாமல் தீபாவளி விற்பனைக்குத் திறந்துவிடுகிற மாதிரி இது. எலியில் அந்த டெஸ்டைச் செய்திருக்கிறார்கள். 2005-ல் எலிசபெத் கார்ட்னர் வெளியிட்ட ஆய்வில், கலோரி குறைத்த கிழட்டு எலிகள்தான் இன்ஃப்ளூயன்ஸாவில் அதிகம் செத்தன. உடம்பில் சேமிப்பு இல்லாதவனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று நம்ம கரிசக்காட்டுக் கிழவிகளைக் கேட்டாலே சொல்வார்கள்.

வாட்ஸ்அப் விட்டுவிட்ட கட்டுரை இன்னொன்று உண்டு, 2008-ல் வந்தது. அதுவும் மெசவுதி குழுவுடையதே. இளம் பருவத்தில் ஆரம்பித்த குரங்குகளுக்குக் கிடைத்த பலன், பூப்படையும் முன் ஆரம்பித்தவற்றுக்கும் கிடைக்கவில்லை, கிழவயதில் ஆரம்பித்தவற்றுக்கும் கிடைக்கவில்லை. சில அளவீடுகளில் கெடுதலாகக்கூட இருக்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தங்கள் முந்தைய முடிவுக்குத் தாங்களே எல்லை போட்டதற்காக அவர்களை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஃபார்வர்டில் ஓடுவது 2006 மட்டும்.

மனிதர்களிடம் செய்த கேலரி சோதனையையும் சிலர் காட்டுவார்கள். இரண்டு வருடம், சராசரியாகச் சுமார் 14% குறைப்பு. தைமஸ் சுரப்பியில் கொழுப்பு குறைந்தது என்று 2022-ல் சயன்ஸ் இதழில் வந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் 50 வயசைத் தாண்டியவர்களைச் சேர்க்கவே இல்லை.

அம்மாவிடம் 2008 கதையைச் சொன்னேன். "அப்ப எளவட்டக் கொரங்குக்குத்தானா அது?" என்றார். இப்போது ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிடுகிறார். மூணாவது வைத்தால் திட்டு விழுகிறது.