புகழ்பெற்ற மகளிரும் அவர்தம் வாழ்க்கை வரலாறுகளும்: ஒரு திறனாய்வு

வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகை நம்மிடையே வளர்ந்த அளவுக்கு அதனைத் திறனாயும் துறை வளரவில்லை. கவிதையை அளக்கவும் புதினத்தை அளக்கவும் நம்மிடம் கோல்கள் உள்ளன. ஒருவரது வாழ்க்கையை எழுதிய நூல் கைக்கு வரும்போது மட்டும், எழுதப்பட்டவர் பெரியவரா என்று கேட்கிறோமேயன்றி, எழுதிய முறை செம்மையானதா என்று கேட்பதில்லை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் திரையிலும் ஆடுகளத்திலும் புகழ் எய்திய பெண்டிரின் வரலாறுகளைப் படிக்கும்போது இந்தக் குறை பெரிதாகத் தோன்றுகிறது.

அவ்வரலாறுகள் பெரும்பாலும் இரண்டு வார்ப்புகளில் அடங்கிவிடுகின்றன. ஒன்று தெய்வ வார்ப்பு: பிறக்கும்போதே கலையோடு பிறந்தார், அனைவரையும் வென்றார், அடக்கத்தோடு வாழ்ந்தார் என்று முடியும். மற்றொன்று எச்சரிக்கை வார்ப்பு: உயர்ந்தார், காதலித்தார், ஏமாந்தார், அழிந்தார் என்று முடியும். முதலாவதைப் படித்துக் கைகூப்புகிறோம். இரண்டாவதைப் படித்து உச்சுக்கொட்டுகிறோம். இரண்டிலும் அப்பெண் என்ன தொழில் செய்தார், அதை எவ்வாறு கற்றார், அதற்கு என்ன கூலி பெற்றார் என்பது இல்லை.

நம்முள் பலர் நடுவணரசு அலுவலகங்களில் கோப்புகளிடையே காலம் கழிப்பவர்கள். ஓர் ஊழியரின் பணிப்பதிவேட்டை நாம் அறிவோம். பணியில் சேர்ந்த நாள், ஊதியம், விடுப்பு, பதவி உயர்வு, ஓய்வு பெற்ற நாள் ஆகியவை அதில் வரிசையாக நிற்கும். அவர் அழுதாரா, சிரித்தாரா என்பது இராது. ஆகையால் பணிப்பதிவேடு முழு வாழ்க்கை ஆகாது. பெண்டிர் வரலாறுகளோ இதற்கு நேர்மாறானவை. கண்ணீருக்கு அதிகாரம் அதிகாரமாக இடம் உண்டு. உழைப்புக்கு ஒரு வரியும் இல்லை. அதுவும் முழு வாழ்க்கை ஆகாது. இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டும் வரலாறே செம்மையானது என்பதை அளவுகோலாகக் கொண்டு சில வாழ்க்கைகளை இங்கே நோக்குவோம்.

சாவித்திரி: வீழ்ச்சியின் நிழலில்

தமிழ் இல்லங்கள் எல்லாம் அறிந்த பெயரிலிருந்து தொடங்குவது முறை. குண்டூர்ப் பகுதியில் பிறந்து, 1955இல் ‘மிஸ்ஸியம்மா’விலும் 1961இல் ‘பாசமலர்’ படத்திலும் நம் நெஞ்சில் நிலைபெற்ற சாவித்திரி, நீண்ட காலம் நினைவின்றிக் கிடந்து 1981 டிசம்பர் 26ஆம் நாள் மறைந்தார். அவரைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தப் படுக்கையில் வந்து முடிந்துவிடுகிறது. 2018இல் ‘நடிகையர் திலகம்’ என்னும் பெயரில் தமிழிலும் வெளிவந்த படம் அவரை இளைய தலைமுறைக்கு மீட்டுத் தந்தது. அதில் நடித்த கீர்த்தி சுரேஷ் தேசிய விருதும் பெற்றார். ஆயினும் அந்தப் படமும் நினைவிழந்த நிலையில் தொடங்கித்தான் கதை சொல்கிறது.

நாம் கேட்பது வேறு. 1968இல் ‘சின்னாரி பாப்பலு’ என்னும் தெலுங்குப் படத்தை இயக்கியவர் சாவித்திரி. அதைத் தமிழில் ‘குழந்தை உள்ளம்’ என 1969இல் தந்தார். 1971இல் ‘பிராப்தம்’ படத்தை இயக்கினார். ஒரு நடிகை இயக்குநர் நாற்காலியில் அமர்வது மிக அரிதாயிருந்த காலம் அது. ஒரு காட்சியை அவர் எவ்வாறு அமைத்தார், பிற நடிகரிடமிருந்து எதை வாங்கினார் என்று ஆராயத்தக்க செய்திகள் அப்படங்களில் உள. நம் எழுத்தாளரோ அவற்றைப் ‘பொருள் இழக்கச் செய்த தவறு’ என்ற ஒரே தொடரில் கடந்து செல்கின்றனர். ஆடவர் ஒருவர் படமெடுத்துப் பொருள் இழந்தால் அது துணிவு. பெண் இழந்தால் அது பேதைமை. இந்த இரட்டைக்கோலை வாழ்க்கை வரலாறு எழுதுவோர் கைவிட வேண்டும்.

நம் பேசும்படத்தின் தொடக்கத்திலேயே இதற்கு மாற்றுச் சான்று இருக்கிறது. 1931இல் ‘காளிதாஸ்’ படத்தில் நடித்த டி. பி. ராஜலட்சுமி, தாம் எழுதிய புதினத்தையே ‘மிஸ் கமலா’ என 1936இல் படமாக்கி இயக்கினார். எழுத்து, நடிப்பு, இயக்கம் என மூன்று தொழில்களும் ஒருவரிடம் கூடியிருந்தன. ஆனால் ‘முதல் கதாநாயகி’ என்ற ஒற்றைப் பட்டத்தோடு அவரை நிறுத்திவிட்டோம்.

ஹன்சா வாட்கர்: சொல்கிறேன், கேளுங்கள்

மும்பை மண்ணில் வாழும் நமக்கு மராத்தி அண்டை வீட்டு மொழி. கடைவீதிக்கும் மின்ரயிலுக்கும் வேண்டிய அளவோடு அதனை நிறுத்திக்கொள்ளும் நம்மவர், அம்மொழியின் தன்வரலாற்றுச் செல்வத்தைக் காணத் தவறுகிறோம். அச்செல்வத்துள் ஒன்று ஹன்சா வாட்கர் சொல்ல, இதழாளர் அருண் சாது எழுத்தில் வடித்து, 1970இல் நூலாக வந்த ‘சாங்க்த்யே ஐகா’. ‘சொல்கிறேன், கேளுங்கள்’ என்பது பொருள். 1959இல் அவர் நடித்து, புணே நகரில் நூறு வாரங்களுக்கு மேல் ஓடிய படத்தின் பெயரையே நூலுக்கும் சூட்டினர்.

1923இல் பிறந்த இவர், குடும்பத்தின் பொருள்முடையால் சிறுவயதிலேயே நடிக்க வந்தார். 1941இல் பிரபாத் நிறுவனத்தின் ‘சந்த் சக்கு’ படத்தில் பக்தையாகவும், 1947இல் ‘லோகஷாகிர் ராம் ஜோஷி’ படத்தில் தமாஷா ஆட்டக்காரியாகவும் நடித்து மராத்தியர் மனத்தைக் கவர்ந்தார். இளமையிலேயே மணம் முடிந்தது. நடிப்பை விட்டு இல்லறம் நடத்த அவர் விரும்பினார். கணவரோ அவர் ஈட்டும் பொருளை விட விரும்பவில்லை. ஒரு கட்டத்தில் வேறொருவருடன் சென்று, ஏற்கெனவே மனைவியர் இருந்த ஒரு சிற்றூர் வீட்டில், வெளியுலகம் காணாமல் சில ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். மதுப்பழக்கத்தையும் அவர் மறைக்கவில்லை.

எச்சரிக்கை வார்ப்புக்கு இதைவிட ஏற்ற பொருள் கிடைக்குமா? ஆயினும் நூல் அந்த வார்ப்பில் விழவில்லை. காரணம், பேசுபவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பழியைப் பிறர்மேல் மட்டும் சுமத்தவும் இல்லை. நடந்ததை நடந்தவாறு சொல்கிறார். இங்கே ஓர் உண்மை வெளிப்படுகிறது. வீட்டை விட்டு வெளியேறத் துடித்த பெண்ணின் கதையாக இதைப் பலர் படிக்கின்றனர். அவரோ வீடு என ஒன்று வேண்டும் என்றுதான் வாழ்நாள் முழுதும் துடித்தார். அவரது ஊதியத்தில் நின்ற வீட்டில் அவருக்கே இடமில்லை. வீடு காக்கப் பொருளீட்டும் எந்தப் பெண்ணும் புரிந்துகொள்ளக்கூடிய துயரம் இது. திரைப்பட நடிகைக்கு மட்டும் உரியதன்று.

இந்நூலைத் தழுவி ஷியாம் பெனகல் 1977இல் ‘பூமிகா’ என்னும் இந்திப் படத்தை எடுத்தார். ஸ்மிதா பாட்டீலுக்குத் தேசிய விருது கிடைத்தது. அப்பெயருக்கு ‘பாத்திரம்’ என்று பொருள் கொள்ளலாம். மகள், மனைவி, காதலி, நடிகை எனப் பிறர் வகுத்த பாத்திரங்களை ஏற்று ஏற்றுச் சலித்த ஒருத்தியைப் படம் தனிமையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. சிறந்த படம். ஆயினும் நூலில் நாம் கேட்கும் அந்தப் பேச்சுக்குரல், தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கவும் வல்ல குரல், படத்தில் அடங்கிவிடுகிறது. படத்தைப் பார்த்தோர் நூலையும் நாடவேண்டும் என்று நாம் கூறுவது இதனால்தான்.

துர்கா கோட்டே: கணக்குச் சொல்லும் நூல்

ஹன்சாவின் நூலை அடுத்து வைத்துப் படிக்கத்தக்கது ‘மீ, துர்கா கோட்டே’. 1905இல் மும்பையின் வளமான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்து, செல்வர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர் துர்கா. புகுந்த வீட்டுச் செல்வம் கரைந்தது. இரு குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு நடிக்க வந்தார். 1931இல் நடித்த முதற்படம் அவருக்கு இகழ்ச்சியையே தந்தது. அடுத்த ஆண்டு சாந்தாராம் இயக்கிய ‘அயோத்யேச்சா ராஜா’வில் தாராமதியாக நடித்துத் தலைநிமிர்ந்தார். கணவரை இளமையிலேயே இழந்த பின்னும் தளராமல், ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்படாது பல நிறுவனங்களில் நடித்தார். 1960இல் ‘முகலே ஆஸம்’ படத்தில் ஜோதாபாயாக வந்தவரும் இவரே. பிற்காலத்தில் குறும்படங்களும் விளம்பரப் படங்களும் எடுக்கும் நிறுவனம் நடத்தினார். 1983ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இவரது நூலில் பணம் பேசப்படுகிறது. கடன் பேசப்படுகிறது. வேலை தேடிச் சென்றதும், வேலையைக் கற்றதும், வேலை கொடுத்ததும் பேசப்படுகின்றன. நாம் மேலே கூறிய பணிப்பதிவேடு இங்கே உயிரோடு இருக்கிறது.

ஆனால் துர்காவைப் புகழ்வோர் வழக்கமாகச் சொல்லும் ஒரு சொல்லை நாம் ஏற்க இயலாது. ‘நல்ல குடும்பத்துப் பெண்கள் திரைக்கு வர வழிதிறந்தவர்’ என்பது அது. அவர் வழிதிறந்தது மெய். ஆனால் இப்புகழ்ச்சியின் மறுபுறத்தைப் பாருங்கள். அவருக்கு முன்னும் அவரோடும் நடித்த பெண்டிர் கெட்ட குடும்பத்தவர் என்றல்லவா அது சொல்லாமற் சொல்கிறது! ஹன்சாவின் பாட்டி கலாவந்தர் மரபினர். ஆடலும் பாடலும் அம்மரபின் கைமுதல். பேசும்படம் தன் முதலீடாக எடுத்துக்கொண்ட கலை அவர்கள் வீட்டிலிருந்து வந்தது. கலையை வாங்கிக்கொண்டு, மதிப்பை மட்டும் வேறு வீட்டாருக்கு வழங்குவது நேர்மையன்று. நம் தமிழ்நாட்டிலும் இசையையும் நடனத்தையும் பொறுத்து நடந்தது இதுவே என்பதைப் படிப்போர் அறிவர்.

ஆடுகளம்: கடிகாரத்தின் சான்று

திரையில் பெண் பார்க்கப்படுகிறார், ஆடுகளத்தில் அளக்கப்படுகிறார். கடிகாரத்துக்குக் குலமும் தெரியாது, வதந்தியும் தெரியாது. ஆகவே விளையாட்டு வீராங்கனையரின் வரலாறு நேர்மையாக எழுதப்பட்டிருக்கும் என எதிர்பார்ப்போம். அங்கும் ஏமாற்றமே.

நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன் 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றார். அப்போது வயது 30. இரு குழந்தைகளின் தாய். பெண்கள் மூன்று தனிப்போட்டிகளுக்கு மேல் கலந்துகொள்ள இயலாது என்ற விதியால், தாமே உலகச் சாதனை வைத்திருந்த நீளத் தாண்டலிலும் உயரத் தாண்டலிலும் அவர் இறங்கவில்லை. நீளத் தாண்டலில் அவரது சாதனை 6.25 மீட்டர், அவ்வொலிம்பிக்கில் தங்கம் பெற்ற தாண்டல் 6 மீட்டரைக்கூட எட்டவில்லை. இத்தகைய ஆற்றலுக்கு ஏடுகள் வைத்த பெயர் ‘பறக்கும் இல்லத்தரசி’. நான்கு தங்கம் வென்ற ஆடவர் எவரையேனும் ‘பறக்கும் குடும்பத்தலைவர்’ என்று எழுதியதுண்டா?

நம் நாட்டின் ஆரத்தி சாகாவை எடுத்துக்கொள்வோம். 1940இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது 12 வயதுகூட நிறையவில்லை. 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றார். வழிகாட்டும் படகு தாமதித்ததாலும் நீரோட்டம் எதிர்த்ததாலும் கரை நெருங்கிய நிலையில் விட நேர்ந்தது. ஒரே மாதத்தில், செப்டம்பர் 29ஆம் நாள், மீண்டும் இறங்கினார். பிரான்சின் கரையிலிருந்து இங்கிலாந்தின் கரைவரை 16 மணி 20 நிமிடம் நீந்தி, கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆனார். 1960இல் பத்மஸ்ரீ பெற்றார். 1994இல் மறைந்தார்.

பொது அறிவு நூல்களில் இவ்வளவும் ஒரு வரிதான்: ‘முதல் ஆசியப் பெண்’. நம் பிள்ளைகள் அவ்வரியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வர். தோற்ற முயற்சிக்கும் வென்ற முயற்சிக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தைக் கற்பனையேனும் செய்து பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வீட்டை விட்டுக் கடல்கடந்து, 19 வயதில், தோல்வியோடு அயல்நாட்டில் காத்திருந்த நாட்கள் அவை. நம் கருத்தில், அவரது வாழ்க்கையின் மையம் அங்கேயே இருக்கிறது.

திரையையும் ஆடுகளத்தையும் ஒருங்கே தொட்டவர் அமெரிக்காவின் ஆல்தியா கிப்சன். 1956இல் பிரெஞ்சுப் பட்டத்தையும், 1957இலும் 1958இலும் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்களையும் வென்ற கறுப்பினப் பெண்மணி. அக்காலத்தில் டென்னிஸ் வாகையர்க்குப் பரிசுப்பணம் கிடையாது. கோப்பை அலமாரியில், சமையலறையில் வெறுமை. பாட்டுப் பாடினார்; காட்சி ஆட்டங்கள் ஆடினார்; 1959இல் ஜான் ஃபோர்டு இயக்கிய படமொன்றில் பணிப்பெண் வேடத்தில் நடித்தார். அடிமைப் பெண்ணின் கொச்சைமொழி என எழுதித்தரப்பட்ட உரையாடலைப் பேச மறுத்துவிட்டார். பொருள் தேவைப்பட்ட நேரத்தில் அந்த மறுப்பு. 1958இல் வந்த அவரது தன்வரலாறு, தன்னைக் கொடியாகப் பிடிக்க வந்தோரிடமும் ‘நான் ஓர் ஆட்டக்காரி’ என்ற நிலையிலேயே நிற்கிறது. முதுமையில் அவர் வறுமையுற்றார். பழைய தோழியர் உதவினர். எச்சரிக்கை வார்ப்பினர் அந்த வறுமையை மட்டும் எழுதுவர். அவ்வறுமைக்குக் காரணம் அவரது குணமா, ஊதியமில்லா ஆட்டமுறையா என்று கேட்பதே திறனாய்வு.

முடிவுரை

துயரத்தை எழுதவே கூடாது என்பது நம் கருத்தன்று. சாவித்திரியின் இறுதி நாட்களும் ஹன்சாவின் சிறைபட்ட ஆண்டுகளும் உண்மைகள். உண்மையை மறைப்பது தெய்வ வார்ப்பின் குற்றம். ஆனால் துயரத்தை மட்டும் எழுதினால், ‘பெண் வெளியே வந்தால் இதுதான் முடிவு’ என்ற பாடமே மிஞ்சும். அந்தப் பாடத்தைப் படிக்கும் நம் பெண்மக்கள் மாவட்ட ஓட்டப்பந்தயத்திலிருந்தும் கல்லூரி நாடகத்திலிருந்தும் சத்தமின்றி விலகிக்கொள்வர். வரலாறு எழுதும் முறை வாழும் முறையையும் மாற்றவல்லது.

ஆகவே நம் சங்கத்தாருக்கு இரு வேண்டுகோள்கள். முதலாவது, சங்க நூலகத்தில் மேற்கூறிய மராத்தி நூல்களுக்கு ஓர் அடுக்கு ஒதுக்கி, மராத்தி பயின்ற நம் இளைஞரைக் கொண்டு மாதம் ஒருமுறை அவற்றைத் தமிழில் படித்துச் சொல்லச் செய்தல். இரண்டாவது, புகழ்பெறாத நம் குடும்பப் பெண்டிரின் வரலாற்றையும் அடுத்த மலர்களில் இடம்பெறச் செய்தல். ஊரைவிட்டு வந்து, தொலைபேசி நிலையத்திலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற அன்னையரும் அக்கைமாரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் எந்நாளில் பணியில் சேர்ந்தனர், முதல் ஊதியம் என்ன, அதை என்ன செய்தனர் என்று கேட்டு எழுதுங்கள். எழுதி முடித்தபின், அவர்கள் சொன்னபடியே இருக்கிறதா என்று அவர்களிடமே ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.