நாமே செய்யும் நூலட்டைகள்: சில அவதானங்கள்

நமது கவிதைத் தொகுதிகளுக்கு எழுதப்படும் விமர்சனங்களில் அட்டைப்படத்துக்குக் கிடைப்பது கடைசி ஒரு வரி. 'அட்டைப்படம் அழகாக அமைந்துள்ளது.' அதற்கு முந்திய வரி எழுத்துப் பிழைகளைப் பற்றியதாக இருக்கும். அழகு எங்கே இருக்கிறது, எதனால் வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

அண்மைக் காலத்தில் என் கைக்கு வந்த கிழக்கிலங்கைத் தொகுதிகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். இலையுதிர்ந்த மரம், அந்திச் சூரியன், கண்ணீர் வழியும் ஒற்றைக் கண், தனியே நடந்து போகும் நிழலுருவம். தலைப்பை மறைத்துவிட்டால் ஒன்றின் அட்டையை மற்றதற்குப் போட்டுவிடலாம். 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்தவனின் துயரைப் பாடும் தொகுதிக்கு முகப்பில் சிவந்த மேப்பிள் இலை! அந்த மரத்தை நம்மூரில் யார் கண்டார்கள்? உள்ளே கடல் இரைகிறது, வெளியே குளிர்நாட்டுப் பூங்கா. அட்டை செய்தவர் கவிதைகளை வாசிக்கவில்லை என்பதே இதன் பொருள். பல வேளைகளில் அட்டை செய்தவரும் கவிஞரும் ஒருவரே என்பதுதான் வேடிக்கை.

'சொந்தப் பணத்தில் முந்நூறு பிரதி அடிக்கிறோம், ஓவியருக்குக் கொடுக்க எங்கே போவது?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாமே செய்துகொள்வதில் ஒரு குறையுமில்லை. எதைக் கொண்டு செய்கிறோம் என்பதில்தான் என் வழக்கு. 2013இல் வந்த கன்வா போன்ற செயலிகள் ஆயத்த வடிவங்களை அள்ளித் தருகின்றன. ரியூசன் வகுப்பு விளம்பரத்துக்கும் திருமண வாழ்த்துக்கும் அதே வடிவம், கவிதை நூலுக்கும் அதே வடிவம் என்றால் கவிதைக்கென்று என்ன மரியாதை மிஞ்சுகிறது?

படத்தை விட எழுத்தே நம் அட்டைகளில் அதிகம் சித்திரவதைப்படுகிறது. பாமினியில் தட்டச்சிட்டு, பக்கவாட்டில் இழுத்துப் பருக்க வைத்து, நிழல் கொடுத்து, அதைச் சுற்றி மஞ்சள் கரையும் போடுகிறோம். 2001இல் வந்த ஏழாவது பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் காலத்துப் பழக்கம் இது. இன்று ஒருங்குறித் தமிழ் எழுத்துருக்கள் பல இலவசமாகவும் உரிமச் சிக்கலின்றியும் கிடைக்கின்றன. கையெழுத்தின் சாய்வு கொண்ட கவிவாணர் எழுத்துருவை வடிவமைத்தவர் இலங்கையரான தாரிக் அஸீஸ் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இன்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிரைபஸ் ஆகிய மென்பொருள்களுக்கும் காசில்லை. நல்லதோர் எழுத்துருவில் தலைப்பைப் பெரிதாக இட்டு, மீதியை வெறுமையாக விட்டாலே பாதி அட்டைகள் தப்பிவிடும்.

படம் வேண்டுமென்றால் கூகுளில் அகப்பட்டதை எடுக்காதீர்கள். அது இன்னொருவரின் உழைப்பு. நம் கவிதையைக் கேளாமல் எடுத்தால் சண்டைக்குப் போகிறோமே! நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எவரும் பயன்படுத்தலாமென்று திறந்துவிட்டது. அவற்றில் இஸ்லாமியக் கையெழுத்துப் பிரதிகளின் பக்கங்களும் உண்டு. ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்ட அலங்கார இலக்கண நூலில் அரபு, துருக்கி, பாரசீகக் கோலங்களுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. அதன் பதிப்புரிமையும் காலாவதியாகிவிட்டது. ஆயினும் அவற்றை அப்படியே வெட்டி ஒட்டினால் மேப்பிள் இலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்தக் கோலம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்றை 45 பாகை திருப்பி வைத்தால் எட்டுமுனை நட்சத்திரம். அவற்றை முனையோடு முனை அடுக்கினால் இடைவெளிகள் தாமாகவே வேறோர் உருவமாகின்றன. கவராயமும் அடிமட்டமும் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளை வரைந்துவிடும். உயிருருவங்களை வரையத் தயங்கும் நம்மவர்கள் குவிமாடத்தையும் பிறையையும் விட்டால் வேறில்லை என்று இருப்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னும் கிட்டப் பார்த்தால், சாயம் தோய்த்த பன்னில் நம் உம்மாமார் பின்னிய பாய்களும், மருதமுனைக் கைத்தறிச் சாரனின் கட்டமும் கரையும் கண்ணெதிரே கிடக்கின்றன. இவை எத்தனை அட்டைகளில் வந்திருக்கின்றன? பழைய நூல்களின் முகப்புகளைப் பார்க்க விரும்புவோருக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் உள்ளன. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை எழுத்தாளர்களின் முகங்களையே அட்டையில் தாங்கி வந்தது. வசதியில்லாத சஞ்சிகைதான். ஆனாலும் அதன் அட்டைக்கு ஒரு கருத்திருந்தது, தூரத்தில் கண்டாலும் மல்லிகை என்று சொல்லிவிடலாம்.

ஆசிரிய கலாசாலையில் சித்திர பாடத்துக்கு வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு அச்சுப் பதிக்கப் பழகினோம். ஐந்து மூலைப் பூ விழும். எங்கள் பாடசாலைச் சஞ்சிகைக்குப் பிள்ளைகள் இம்முறை அதைத்தான் செய்தார்கள். பதிவை ஸ்கேன் பண்ணி, மண்ணிற மட்டையில் கறுப்பு மையால் மட்டும் அச்சிட்டோம். நான்கு வர்ணத்துக்கான செலவு மிச்சம். பூக்களில் ஒன்று சற்றுக் கோணலாக விழுந்திருந்தது, அதைத் திருத்த வேண்டாமென்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.