களரியும் மேடையும்: சி. மௌனகுருவின் அரங்கப் பணியில் கூத்தின் மொழி

ஈழத்துத் தமிழ் நாடகத்தைப் பற்றி எழுதுவோர் பேராசிரியர் சி. மௌனகுருவைப் பெரும்பாலும் இரண்டு தலைப்புகளின் கீழ் வைத்துப் பேசுவர். ஒன்று, கூத்தினை நவீன மேடைக்குக் கொண்டுவந்த நெறியாளர். மற்றொன்று, கூத்தினை ஆராய்ந்த பல்கலைக்கழக ஆசிரியர். இவ்விரு பணிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என்பதே பொதுக் கருத்து. இக்கட்டுரை அக்கருத்தினை முழுமையாக ஏற்கவில்லை. மொழியியல் நோக்கில் பார்க்கும்போது, அவருடைய ஆய்வு கூறுவது ஒன்றாகவும் அவருடைய மேடை செய்தது வேறொன்றாகவும் சில இடங்களில் தோன்றுகின்றன. அம்முரண்பாடே அவர் பணியின் பெறுமதியான பகுதி என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

மௌனகுரு 1943ஆம் ஆண்டு மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். வந்தாறுமூலை மத்திய கல்லூரியில் பயின்று பேராதனைப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு அவர் மாணவராயிருந்த 1960களின் முற்பகுதி தமிழ்க் கூத்திற்கு ஒரு திருப்பமான காலம். 1956இல் எதிரிவீர சரச்சந்திர, நாடகம என்னும் சிங்கள மரபினை அடியொற்றி ‘மனமே’யை மேடையேற்றியிருந்தார். அந்நாடகம மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பதை ஆய்வாளர் பலரும் உடன்படுவர். சிங்களவர் தம் மரபிலிருந்து ஒரு தேசிய நாடக வடிவத்தைக் கண்டெடுத்தபோது, தமிழர் தம்மிடம் உயிரோடிருந்த கூத்தினைப் படிப்பறிவற்றோர் பொழுதுபோக்கென ஒதுக்கியிருந்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்நிலையை மாற்ற முற்பட்டார். அவர் 1962இல் பதிப்பித்த ‘அலங்கார ரூபன் நாடகம்’ ஏட்டிலிருந்த தென்மோடிக் கூத்தொன்றை அச்சுக்குக் கொணர்ந்தது. அதே ஆண்டில் மேடையேறிய ‘கர்ணன் போர்’ ஆட்டத்திலிருந்த கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தது. மாணவரைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பின்னர் வந்த ‘இராவணேசன்’ கூத்தினை எழுதியவரும் அதில் இராவணனாக ஆடியவரும் மௌனகுருவே.

வித்தியானந்தன் செய்ததனைச் ‘செம்மையாக்கம்’ என்று குறிப்பிடுவது வழக்காகிவிட்டது. விடியவிடிய ஆடப்படும் கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக் களரிக்குப் பதிலாக ஒருபுறம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடை வந்தது. பாடல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன, ‘தேவையற்ற’ மீட்டுரைப்புகள் நீக்கப்பட்டன. மொழியியலாளர் எவருக்கும் இச்செயல்முறை புதிதன்று. வட்டார வழக்குகளுள் ஒன்றினைத் தேர்ந்து, அதன் வேறுபாடுகளைக் குறைத்து, எழுத்தில் நிலைபெறச் செய்து, பள்ளிக்கும் நகருக்கும் உரியதாக்குவதைத் தரப்படுத்தம் என்கிறோம். தரப்படுத்தத்தால் ஒரு வழக்கிற்கு மதிப்புக் கூடுகிறது. அவ்வழக்கினைப் பேசியோருக்கும் அம்மதிப்பில் பங்கு கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி.

இங்கு மீட்டுரைப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மட்டக்களப்புக் கூத்தில் கூத்தர் ஒரு தருவைப் பாடினால் அண்ணாவியாரும் பக்கப்பாட்டுக்காரரும் அதனை வாங்கிப் பின்பாட்டாகப் பாடுவர். அதன் பொருள் பல இடங்களில் வசனமாகவும் மீண்டும் வரும். அச்சிட்ட நூலில் படிப்போருக்கு இது கூறியது கூறல் என்னும் குற்றமாகத் தோன்றும். ஆனால் களரியில் நிலைமை வேறு. ஒலிபெருக்கியில்லாத திறந்த வெளியில் கூத்தர் சுழன்று ஆடிக்கொண்டு பாடுகிறார். அவர் ஒரு பக்கம் திரும்பும்போது மறுபக்கத்திலிருப்போருக்குச் சொல் சரியாக எட்டாது. பின்பாட்டு அச்சொல்லை நடுவில் நின்று எல்லாத் திசைக்கும் கொண்டு செல்கிறது. ஆடுபவருக்கு மூச்சு வாங்க இடமும் கொடுக்கிறது. வசனம், செய்யுள் நடையிலுள்ள தருவின் பொருளைக் கேட்போருக்குத் தெளிவாக்குகிறது. ஆகவே மீட்டுரைப்பு ஒரு மிகையன்று. களரி என்னும் தொடர்புச் சூழலின் இலக்கணம். அதனை நீக்கியபின் மேடையில் சொல்லின் சுமை குறைந்தது; அவ்விடத்தை ஒளியும் உடையும் கூட்ட அசைவும் நிரப்பின. மௌனகுருவின் பிற்காலத் தயாரிப்புகளில் உடலின் ஆற்றல் ஓங்கி நிற்பதற்கும், பாடற்சொல் பின்னணிக்குச் செல்வதற்கும் காரணம் இதுவாகலாம் என்று தோன்றுகிறது.

இம்மாற்றம் முழுவதும் இழப்பன்று. 1969இல் மேடையேறிய ‘சங்காரம்’ இதற்குத் தக்க சான்று. வடமோடி ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, சாதி, இனபேதம், வர்க்கம் முதலியவற்றை அரக்கர்களாக உருவகித்து அமைந்தது அது. பாரதப் போரில் ஆடிய வீரனின் தாளக்கட்டுக்கே இப்போது உழைக்கும் மக்களின் எழுச்சியும் ஆடியது. கூத்தின் வடிவம் புராணப் பொருளோடு பிரிக்கவியலாதபடி பிணைந்தது என்று அக்காலத்தில் கருதியோருக்கு அஃது ஒரு மறுப்பாயிற்று. தாளக்கட்டு பொருளற்ற அசைகளால் ஆனது. ஆதலின் எந்தப் பொருளுக்கும் இடங்கொடுக்கும். ஆனால் அது முற்றிலும் பொருளற்றதென்றும் சொல்வதற்கில்லை. எந்தத் தாளக்கட்டுக்கு எத்தகைய பாத்திரம் வரும் என்பதை ஊரார் அறிவர். வரவு கேட்டவுடனேயே வருபவன் அரசனா வேறொருவனா என்று சொல்லிவிடுவர். ‘சங்கார’த்தின் வலிமை அவ்வறிவினைப் பயன்படுத்திக்கொண்டதில் இருந்தது. அவ்வறிவில்லாத நகரத்துப் பார்வையாளருக்கு அதுவே வேகமான ஆட்டமாக மட்டும் பட்டிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய 1980களில் அவர் எழுதிய ‘சக்தி பிறக்குது’ பெண் விடுதலையைப் பொருளாகக் கொண்டது. சிறுவருக்கான ‘தப்பி வந்த தாடி ஆடு’ பள்ளிகளில் பலமுறை ஆடப்பெற்றது. இவற்றைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. அக்காலத்தில் அவர் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்வே நம் கவனத்திற்குரியது. ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்னும் தலைப்பில் 1998இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு, வடமோடி, தென்மோடி என்னும் இரண்டோடு நிற்கவில்லை. மகிடி, வசந்தன், பறைமேளக்கூத்து, புலிக்கூத்து ஆகியவற்றையும் அது சமமாக எடுத்துக்கொண்டு, சடங்கு, சாதி, நில உறவு ஆகியவற்றோடு வைத்து விளக்குகிறது. ஒரு வழக்கே செம்மையானது, ஏனையவை அதன் சிதைவுகள் என்னும் எண்ணத்திற்கு அந்நூலில் இடமில்லை. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனத் தொடரும் பயிற்சி முறை ஓர் ஊரின் வாழ்க்கையோடு பிணைந்திருப்பதை அது காட்டுகிறது. கூத்து என்பது ஒரே இரவில் நிகழ்ந்து முடிவதன்று; மாதக்கணக்கான கூட்டு முயற்சியின் இறுதி நாளே அவ்விரவு. இதனை அறிந்து எழுதிய ஆய்வாளரே நெறியாளராகும்போது அவ்விறுதி நாளை மட்டும், அதிலும் ஒரு பகுதியை மட்டும், எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அரங்கின் கட்டாயம் அத்தகையது என்று கூறலாம். எனினும் அதனைக் கேள்விக்குள்ளாக்கும் சான்றுகளை அவர் நூலே தருகிறது.

அக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பியோர் அவர் பணியாற்றிய சூழலிலிருந்தே வந்தனர். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில், அவர் பயின்ற அதே பள்ளி வளாகத்தில், தொடங்கப்பெற்றது. 1990களில் அங்கு நுண்கலைத் துறையை அவர் வளர்த்தார். நாடக விழாக்கள் நடத்தினார். அண்ணாவிமாரை வகுப்பறைக்கு அழைத்தார். 2000ஆம் ஆண்டையொட்டி ‘இராவணேசன்’ புதிய வடிவில் மீண்டும் ஆடப்பட்டது. அதே காலத்தையொட்டி அத்துறையைச் சார்ந்த சி. ஜெயசங்கர், சீலாமுனைக் கிராமத்தில் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்னும் செயற்பாட்டினைத் தொடங்கினார். கூத்தினைக் களரியிலிருந்து வெளியே எடுத்துச் செம்மைப்படுத்துவதற்கு மாறாக, ஊராரோடு ஊரிலேயே கலந்துரையாடி மாற்றவேண்டியதை மாற்றுவது அவருடைய வழி. இவ்விரண்டுக்கும் இடையிலான விவாதம் சில வேளைகளில் ஆட்களைப் பற்றியதாகச் சுருங்கியது வருந்தத்தக்கது. உண்மையில் அது மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்பது பற்றியதன்று. மாற்றத்தைத் தீர்மானிப்பவர் யார் என்பது பற்றியது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு. ஐதராபாத்தின் ஜீடிமெட்லாப் பகுதியிலிருந்து இதனை எழுதும் இக்கட்டுரையாளருக்குத் தெலங்காணாவின் சிந்து பாகவதம் நினைவுக்கு வருதல் இயல்பு. சிந்து மரபினர் ஊர் ஊராகச் சென்று ஆடுவோர். கூத்தர் அவ்வவ்வூர் மக்களாகவே இருக்கும் மட்டக்களப்பு முறையிலிருந்து இது வேறுபட்டது. சிந்து ஆட்டத்தில் பெண்கள் ஆடுவதுண்டு. 2005இல் மறைந்த சிந்துல எல்லம்மா அவ்வாறு புகழ் பெற்றவர். மட்டக்களப்புக் களரியிலோ பெண் வேடத்தையும் ஆடவரே தாங்கினர். கூத்தாட்டத்தில் பெண்கள் பரவலாகக் கால்வைத்தது பல்கலைக்கழக மேடையின் வழியாகவே. செம்மையாக்கத்தைக் குறைகூறுவோர் இதனையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். களரியை அப்படியே போற்றுவதென்றால், அக்களரியில் யார் ஆட முடிந்தது, யார் ஒதுங்கி நின்று பறை கொட்டினர் என்பதையும் போற்ற நேரிடும். மௌனகுருவின் ஆய்வு இதனை மறைக்கவில்லை. மேடையும் இதில் ஓரளவு வழி திறந்தது.

ஓய்வுக்குப் பின் அவர் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடம் என்னும் அமைப்பின் வழி இளையோருக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளார். அவருடைய பிற்கால நூலொன்றின் தலைப்பு ‘கூத்தே உன் பன்மை அழகே’ என்பது. ஒற்றைச் செம்மை வடிவத்தைத் தேடிப் புறப்பட்ட ஒரு தலைமுறையின் முதன்மை நடிகர் பன்மையைப் பெயராகச் சூட்டியது குறிப்பிடத்தக்கது. ஆயினும் அப்பன்மையின் மொழிப்பகுதி இன்னும் ஆராயப்படாமலே உள்ளது. அண்ணாவிமாரின் கொப்பிகளில் ஒரே தரு ஊருக்கு ஊர் எவ்வாறு வேறுபடுகிறது, எழுத்திலுள்ள சொல் பாடும்போது எங்கெங்கே பேச்சு வழக்காக மாறுகிறது, பின்பாட்டு எந்த அடியை எடுக்கிறது, எதனை விடுகிறது என்பனவற்றை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு விளக்குதல் வேண்டும். விடியவிடிய ஆடும் கூத்தினைப் பழக்கிய முதிய அண்ணாவிமார் குறைந்து வருகின்றனர். அவர்கள் கொப்பிகள் பல வீடுகளில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன.