வழிநூல் யாக்கும் பொறி: மும்பைத் தமிழ் எழுத்தும் செயற்கை நுண்ணறிவும்

முன்னுரை

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைக் கவிகளை எண்ணும் தமிழ்மரபு ஆசுகவியை முதலில் வைத்தது. கொடுத்த பொருளைக் கொடுத்த யாப்பில் அப்பொழுதே பாடும் ஆற்றலே ஆசுகவியின் இலக்கணம். எனவே விரைந்து யாத்தலைத் தமிழ் உலகம் இழிவாகக் கருதியதில்லை. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டிற்கு வந்தபின் உரைநடையிலும் அத்தகைய விரைவு எவருக்கும் எட்டுவதாயிற்று. தலைப்பைத் தந்தால் சில நொடிகளில் கட்டுரை கிடைக்கின்றது.

தமிழகத்திற்கு வெளியே தமிழ் எழுதுவோர்க்கு இவ்விரைவு பெரும் ஈர்ப்புடையது. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழருள் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர் மிகச் சிலரே. அலுவலக நேரமும் மின்தொடர்வண்டிப் பயணமும் போக எஞ்சிய பொழுதில்தான் சங்க மலர்க் கட்டுரைகளும் நூல் மதிப்புரைகளும் இதழ்க் குறிப்புகளும் எழுதப்படுகின்றன. அத்தகையோர் பொறியின் துணையை நாடுவதைச் சோம்பல் என ஒதுக்குதல் பொருந்தாது. எழுத்தின் எத்தொழிலைப் பொறி விரைவுபடுத்துகின்றது, எத்தொழில் அதற்கு வெளியே நிற்கின்றது என்பதைத் தமிழ் நூன்மரபின் துணைகொண்டும் மும்பைத் தமிழைச் சான்றாகக் கொண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழிநூலின் நான்கு தொழில்கள்

தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கின்றது. வழிநூலை மேலும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கின்றது. இன்றைய எழுத்துக் கருவிகளின் பணிகளை இந்நான்கினுள் அடக்கிவிடலாம் என்பது வியப்பிற்குரியது. நீண்ட அறிக்கையைச் சுருக்கித் தருவது தொகுத்தல். குறிப்புகளைக் கட்டுரையாக்குவது விரித்தல். பல கட்டுரைகளைச் சுருக்கி ஒன்றாக்கி வேண்டுமிடத்துப் பெருக்குவது தொகைவிரி. பிறமொழிச் செய்தியைத் தமிழாக்குவது மொழிபெயர்ப்பு.

ஆகவே பொறியை வழிநூலாசிரியன் எனக் கொள்வது பொருந்தும். முன்னர் எழுதப்பட்ட பனுவல்களில் எச்சொல்லை அடுத்து எச்சொல் வரும் என்னும் வாய்ப்பைக் கணித்து எழுதுவதே அதன் இயல்பு. முதனூல் வளமாக உள்ள பொருளில் அதன் வழிநூல் ஓரளவு செம்மையாக அமையும். சிலப்பதிகாரக் காண்டப் பகுப்பையோ பக்தி இயக்க வரலாற்றையோ கேட்பவர்க்கு அது பெரும்பாலும் ஏற்கத்தக்க விடை தருவது இதனால்தான். முதனூலே எழுதப்படாத பொருளில் நிலைமை வேறு. அங்கும் பொறி அதே விரைவுடனும் அதே உறுதியான தொனியுடனும் எழுதுகின்றது. சிக்கலின் வேர் இங்குள்ளது.

எழுத்தும் துண்டும்

பொறி எழுத்தை எழுத்தாகக் காண்பதில்லை. துண்டுகளாகப் பகுத்தே காண்கின்றது. தாராவி என்னும் சொல் தமிழ் எழுத்திலக்கணத்தின்படி மூன்று எழுத்துகளையுடையது. ஒருங்குறியில் அது ஆறு குறியீடுகளாகவும், கணினியில் பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் பதினெட்டு பைட்டுகளாகவும் அமைகின்றது. அவ்வூர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஏழு பைட்டுகள் போதும். ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு அமைந்த துண்டாக்க முறைகளில் தமிழ்ச்சொல் சிதறுண்டது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் புதிய மாதிரியை வெளியிட்டபோது தந்த எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டுகளான ஒரு தமிழ்ப் பகுதி புதிய முறையில் 35 துண்டுகளாகக் குறைந்தது. அதே பகுதியின் ஆங்கில வடிவம் 27இலிருந்து 24 ஆயிற்று. தமிழ் எழுதப் பொறிக்கு ஆகும் நேரமும் செலவும் இதனால் பெரிதும் குறைந்தன.

இது பொறியியலில் ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் துண்டின் எண்ணிக்கை குறைவதால் பனுவலின் அளவு கூடிவிடாது. எழுதும் வேகம் மாறியதேயன்றி, எதைப் படித்து எழுதுகின்றது என்பது மாறவில்லை.

திசைச்சொற்களின் சிக்கல்

செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளின் சொற்களைத் திசைச்சொல் எனத் தழுவிக்கொண்டது தொல்காப்பியம். மும்பைத் தமிழரின் நாவில் வழங்கும் இந்தி, மராத்திச் சொற்களை அம்மரபின் நீட்சியாகக் கருதலாம். அவற்றுள் மூன்று இங்குக் கருதத்தக்கன.

முதலாவது 'சால்'. பொதுத் தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள் அமைந்த குடியிருப்பு இப்பெயர் பெறும். ஆலைத் தொழிலாளர்க்கென எழுந்து பின்னர் மும்பை வாழ்வின் அடையாளமானது அது. தமிழில் சால் என்பது உழுத தடமும் நீர் வைக்கும் பெருங்கலமும் ஆகும். இரண்டாவது 'கோலி'. தாராவித் தமிழர்க்கு அது குடியிருக்கும் ஒற்றையறை. மும்பைத் தீவுகளின் பழங்குடி மீனவரும் தமிழில் பெரும்பாலும் கோலியர் என்றே எழுதப்படுகின்றனர். தாராவியிலேயே கோலிவாடா என்னும் அவர்தம் குடியிருப்பு உண்டு. தமிழ்ச் சிறுவர் ஆடும் கோலி வேறொன்று. மூன்றாவது 'பகடி'. பெருந்தொகையை முன்னரே கொடுத்துக் குறைந்த வாடகையில் தலைமுறைதோறும் குடியிருக்கும் உரிமைமுறை அது. மாதுங்கா, தாதர்ப் பகுதிகளின் பழைய கட்டடங்களில் இன்றும் காணப்படுவது. தமிழ்த் திறனாய்விலோ பகடி என்பது எள்ளல் இலக்கியத்தைக் குறிக்கும் கலைச்சொல்.

'பகடி வீட்டில் பிறந்து கோலியில் வாழ்ந்தவர்' என்று ஒருவரைப் பற்றி எழுதப்பட்டால், மாதுங்காவின் நடுத்தர வாழ்விலிருந்து தாராவிக்கு இறங்க நேர்ந்த குடும்பத்தின் வரலாறு முழுவதும் அத்தொடரில் அடங்கிவிடுகின்றது. தமிழ்ப் பனுவல்களில் பெரும்பான்மையாக வழங்கும் பொருளை நோக்கிச் சாய்வது பொறியின் இயல்பாதலால், இத்தகைய தொடர்களைச் 'செம்மை'ப்படுத்துமாறு அதனிடம் தருவது இடர்மிக்கது. அயற்சொல் என நீக்கினாலும், பொதுத்தமிழ்ச் சொல் என மயங்கினாலும் இழப்பு ஒன்றே. இழக்கப்படுவது சொல் மட்டுமன்று. வீட்டின் மீதான உரிமை எத்தகையது என்னும் செய்தியும் உடன் மறைகின்றது.

படைப்பாளர் இருவர் தரும் சான்று

மும்பை வாழ்வைத் தமிழில் முதனூலாக்கியவருள் நாஞ்சில் நாடனும் அம்பையும் குறிப்பிடத்தக்கோர். அலுவலின் பொருட்டு மும்பை சென்ற நாஞ்சில் நாடன் மிதவை, சதுரங்கக் குதிரை, எட்டுத் திக்கும் மதயானை ஆகிய புதினங்களில் வேலை தேடிச் சென்றவனின் தனிமையையும் நகரின் அடித்தள உலகையும் பதிவுசெய்தார். நாஞ்சில் வட்டாரத் தமிழும் மும்பைத் தெருவின் இந்தியும் ஒருவனது நாவிலேயே மோதும் தன்மையை அப்புதினங்களில் காணலாம். நெடுங்காலமாக மும்பையில் வாழும் அம்பை, 2014இல் வெளிவந்த அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு நூலில் சுதா குப்தா என்னும் பெண் துப்பறிவாளரின் வழியே நகரின் வீடுகளுக்குள் நுழைகின்றார்.

இவ்விருவரும் அடைந்தது விரைவினால் அன்று. அலுவலகப் படியேறியும் வண்டியில் நின்று பயணித்தும் பெற்ற பட்டறிவே அங்கு முதனூலாகின்றது. ஆனால் தாராவியைப் பற்றித் தமிழுலகம் மிகுதியாகப் பேசியதும் எழுதியதும் 1987இல் வெளிவந்த நாயகன், 2018இல் வெளிவந்த காலா போன்ற திரைப்படங்களை ஒட்டியே எனலாம். பொறியிடம் தாராவித் தமிழர் வாழ்வைக் கேட்பவர், தோல் பதனிடும் தொழிலாளியின் நாளைக் காட்டிலும் திரைநாயகனின் நிழலைப் பெறவே வாய்ப்பு மிகுதி. இக்குறையைத் தனியே பொறிமேல் ஏற்றுதல் முறையாகாது. தமிழர் எழுதாது விட்டதையே அது எழுதாது விடுகின்றது.

குற்றமும் அழகும்

நன்னூல் பொதுப்பாயிரம் நூலுக்குரிய குற்றம் பத்தையும் அழகு பத்தையும் வகுத்துள்ளது. பொறியின் உரைநடையை மதிப்பிட அவ்வளவுகோலே போதுமானது. தொடக்கத்தில் உரைத்ததை இடையிலும் இறுதியிலும் சொல் மாற்றி உரைப்பது கூறியது கூறல். எந்நகர்க்கும் பொருந்தும் 'பன்முகப் பண்பாட்டின் சங்கமம்' போன்ற தொடர்களால் பத்தியை நிரப்புவது வெற்றெனத் தொடுத்தல். பயின்றோர்க்குப் புதிய செய்தி ஒன்றும் தாராது முடிவது நின்று பயனின்மை.

இக்குற்றங்கள் பொறிக்கு முன்னரும் மலர்க் கட்டுரைகளில் இருந்தன என்று மறுக்கலாம், அது உண்மையே. வேறுபாடு அளவில் உள்ளது. முன்பு வெற்றுக் கட்டுரை ஒன்றை எழுதவும் ஒருவர் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட வேண்டியிருந்தது. இன்று அவ்விலை நீங்கிவிட்டது. அவ்வாறு பெருகும் எழுத்து மீண்டும் பொறிக்கே பயிற்சிப் பனுவலாகும்போது வழிநூலுக்கு வழிநூல் எழுதப்படும் நிலை உருவாகின்றது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் ஆகிய அழகுகளைப் பொறி ஓரளவு எய்தலாம். உலக மலையாமை என்னும் அழகே அதற்கு அரிது. அவ்வழகு உலகைக் கண்டார்க்கே உரியது.

விரைவுக்குரிய இடம்

எனின் பொறியை விலக்குதல் வேண்டுமோ எனின், வேண்டா. அதன் விரைவு முதனூல் ஆக்கத்திற்குத் துணையாக நிற்கும் இடங்கள் உள்ளன. அம்பை முதலானோர் 1988இல் மும்பையில் நிறுவிய ஸ்பேரோ ஆவணக்காப்பகம் பெண்களின் வாய்மொழி வரலாறுகளை ஒலியாகவும் படமாகவும் திரட்டிய முன்மாதிரி. ஒருமணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது பல மணிநேர உழைப்பு. பேச்சை எழுத்தாக்கும் கருவி அதன் முதற்படியை நொடிகளில் தருமாயின், எஞ்சிய பொழுதில் ஆய்வாளர் மேலும் ஒருவரைக் கண்டு பேசலாம். பழைய சங்க மலர்களையும் நிகழ்ச்சி அழைப்பிதழ்களையும் ஒளிவருடி எழுத்தாக்குவதும் இத்தகையதே. ஐ.ஐ.டி. மும்பையின் தலைமையில் 2024 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பாரத்ஜென் திட்டம் இந்திய மொழிகளுக்கான மாதிரிகளை உருவாக்க முனைகின்றது. திருநெல்வேலி வழக்கும் மராத்தியும் கலந்த தாராவிப் பேச்சு அத்தகைய மாதிரிகளுக்குப் பயிற்சியாக அமைதல் வேண்டும்.

இதற்குக் காலம் மிகுதியாக இல்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. வீடுதோறும் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கிற்று. கணக்கெடுப்பு குடியிருப்பின் பரப்பையும் சான்றிதழையும் பதிவுசெய்யும். அங்கு வழங்கும் சொல்லைப் பதிவுசெய்யாது. குடியிருப்போர் இடம்பெயரும்போது 'கோலி' என்னும் சொல்லின் பொருளும் உடன் பெயரும்.

முடிவுரை

தொகுத்தல் முதலிய வழிநூல் தொழில்கள் நான்கிலும் செயற்கை நுண்ணறிவு விரைவைத் தருகின்றது. முதனூல் வளமுள்ள பொருளில் அவ்விரைவு பயனுடையது. அது இல்லாத பொருளில் இன்மையை மறைக்கும் திரையாகின்றது. மும்பைத் தமிழ் வாழ்வு இரண்டாம் வகையைச் சார்ந்தது. எனவே மும்பையில் தமிழ் எழுதுவோர் பொறியை எழுதுமிடத்தில் அமர்த்தாது, கேட்டதைப் படியெடுக்குமிடத்தில் அமர்த்துதல் தகும். ஆசுகவியின் விரைவை அவையோர் போற்றியது, கொடுத்த பொருளை அவன் நெடுங்காலம் கற்றும் கண்டும் வைத்திருந்தமையாலேயே. கற்றலும் காணலும் இன்றும் எழுதுவோர் கையிலேயே உள்ளன. தமிழ்த்துறைகள் தமிழக வட்டார வழக்குகளுக்கு அகராதி தொகுத்ததுபோல் மும்பைத் தமிழுக்கும் சொல்லடைவும் வாய்மொழித் தொகுதியும் உருவாக்குதல் இவ்வாய்வின்வழிப் பெறப்படும் உடனடித் தேவையாகும்.