ஓட்டிப் பார்க்க முடியாத இடத்தில்

ஒரு கம்பைலரின் பில்ட் ஸ்கிரிப்ட் எத்தனை அனுமானங்களை ஒளித்து வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமா? கிராஸ் கம்பைல், அதாவது வேறொரு இயந்திரத்துக்காகக் கம்பைல், செய்யச் சொல்லிப் பாருங்கள்.

ஜிசிசி கம்பைலரின் கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் அடித்தளம் சரியாகவே இருக்கிறது. கம்பைலரைக் கட்டும் இயந்திரம் பில்ட், அது ஓடப்போகும் இயந்திரம் ஹோஸ்ட், அது ஆக்கித் தரும் நிரல் ஓடும் இயந்திரம் டார்கெட். மூன்றும் வேறுவேறானால் அதற்குக் கனடியன் கிராஸ் என்று பெயர். பெயர் வைத்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்ததால் வந்த கேலிப்பெயர். இப்படி மூன்றாகப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. செயலியின் கட்டளைகளை விவரிக்கும் கோப்புகளைப் படித்து சி நிரலாக எழுதித் தரும் ஜென்ரெகாக் போன்ற சிறு கருவிகள், கட்டுமானத்தின் நடுவிலேயே ஓடியாக வேண்டும். அவற்றை ஹோஸ்டுக்காகக் கம்பைல் செய்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் பில்ட் இயந்திரத்துக்கென்று தனியாக ஒரு சி கம்பைலரைக் குறிப்பிட இடம் வைத்திருக்கிறார்கள்.

வினை ஊகத்தில் இருக்கிறது. ஹோஸ்டை மட்டும் சொல்லி பில்டைச் சொல்லாமல் விட்டால், கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளை எழுதித் தரும் ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கிய ஸ்கிரிப்ட் ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கும். ஓடாவிட்டால்தான் கிராஸ் என்று முடிவு கட்டும். லினக்ஸில் கியூஎமு என்ற எமுலேட்டர் பின்னணியில் பதிவாகியிருந்தால் ஆர்ம் நிரல் இன்டெல் கணினியிலும் சமர்த்தாக ஓடிவிடும். ஸ்கிரிப்டும் உள்ளூர்க் கட்டுமானம் என்று நம்பிவிடும்.

ஓட்டவே முடியாதபோது நடப்பது இன்னும் மோசம். பூஜ்ய பைட் கேட்டால், நினைவகம் ஒதுக்கும் மாலோக் என்ன தருகிறது என்பது ஒரு சோதனை. கிராஸ் என்றால் பழைய பதிப்புகள் ‘சரியில்லை’ என்றே வைத்துக்கொண்டு, மாலோக்கின் பெயரை ஆர்பிஎல்_மாலோக் என்று மாற்றிவிடும். பல சிறு திட்டங்களில் அப்படியொரு ஃபங்ஷனே கிடையாது. கம்பைல் எல்லாம் முடிந்து லிங்க் செய்யும்போதுதான் பிழை வாய் திறக்கும். பயனர் விடையைக் கைப்பட ஊட்டித்தான் மீள வேண்டும்.

இத்தனைக்கும் இதே ஆட்டோகான்ஃபிடம் அருமையான மாற்று வழி இருக்கிறது. லாங் எத்தனை பைட் என்பதை, கிராஸ் என்றால் அது ஓட்டாமலே கண்டுபிடிக்கிறது: ஊகம் தவறானால் அளவு எதிர்ம எண்ணாகிவிடும்படி ஒரு அரேயை அறிவித்து, கம்பைலர் ஏற்கிறதா மறுக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே எண்ணை நெருங்கிவிடும். டார்கெட் கம்பைலருக்கு விடை தெரியும். கேட்கத் தெரிந்திருந்தால் போதும். எல்லாக் கேள்வியையும் இப்படிக் கேட்க முடியாதுதான். ஓடும் நேரத்தில் மட்டுமே தெரியவரும் குணங்கள் உண்டு. அங்கே ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது விடை கேட்டு நிற்பது. வாய்க்கு வந்ததை எழுதிக்கொண்டு மேலே போவதல்ல.

கோ மொழியில் இரண்டு சூழல் மாறிகளை வைத்தாலே வேறொரு இயங்குதளத்துக்கு நிரல் தயார். அந்தச் சுகம் சி நூலகத்தைத் தொடாத வரைக்கும்தான். ஆனால் கிராஸ் என்று தெரிந்ததும், ஊகிப்பதை விட்டு, சி நிரலோடு இணைக்கும் சிகோவை அது இயல்பாகவே அணைத்துவிடுகிறது. வேண்டுமென்றால் நீங்களே இயக்கி, சி கம்பைலர் எது என்றும் நீங்களே சொல்ல வேண்டும்.