அட்டைப் போரும் காஞ்சித் திணையும்

விளையாட்டைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். போரைச் சித்திரிப்பது பரணியாயினும் பலகையாயினும், அது எதைச் சொல்லுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று ஆராய்தல் விமர்சகன் கடமையாகும்.

சிற்றுருவப் படைகளை மேசைமீது நிறுத்திப் போர் ஆடும் வழக்கத்துக்கு ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ஒரு நூலில் விதி வகுத்தார். பொம்மைப் போரை ஆடியவன் மெய்ப்போர் எத்துணைப் பேதைமை என்பதை உணர்வான் என்பது அவர் வாதம். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது!

இவ்வகையில் இன்று பெயர் பெற்றவற்றுள் ஒன்று, ரிச்சர்டு போர்க் இயற்றி 2004-இல் வெளிவந்த ‘மெமோயர் 44’. களம் இடம், நடு, வலம் என மூன்று கூறுபடும். கையிலுள்ள அட்டை எந்தக் கூற்றில் எத்தனை அணியை நகர்த்தலாம் என்று சொல்லும். காலாட்படை அணிக்கு உருவங்கள் நான்கு. பகடை அடிபட்டதைக் காட்டினால் ஓர் உருவத்தை எடுத்துவிட வேண்டும். கடைசி உருவமும் போனால் எதிரிக்கு ஒரு பதக்கம். குறித்த தொகைப் பதக்கத்தை முன்னே சேர்த்தவரே வென்றவர்.

அட்டை என்றதும் ‘எல்லாம் தலையெழுத்து’ என்பார் உளர். அஃது பிழை. வந்த அட்டைகளுள் எதை, எப்பொழுது இடுவது என்பது ஆடுவோன் அறிவைப் பொறுத்தது. இன்னும் சொல்லப்போனால், சதுரங்கத்தைவிட இவ்விளையாட்டு உண்மைக்கு அணித்தானது. சதுரங்கத்தில் எந்தக் காயும் நினைத்தவுடன் நகரும். மெய்க்களத்திலோ தலைவன் ஆணை எல்லா அணிக்கும் போய்ச் சேர்வதில்லை.

நம் மலாக்காவை அடுத்த மூவாரையே எடுத்துக்கொள்வோம். 1942 ஜனவரியில் ஜப்பானியக் காவற்படைப் பிரிவு மலாக்கா வழியே தெற்கே இறங்கியது. மூவார் ஆற்றைக் காத்து நின்றது 45-ஆம் இந்தியப் படையணி. போதிய பயிற்சி பெறாத இளைஞர் பலர் அதில் இருந்தனர். நீண்ட ஆற்றங்கரையில் அணிகள் சிதறி நின்றன. ஒன்றுக்கொன்று உதவ இயலவில்லை. படையணித் தலைவர் டங்கனும் மாண்டார். இடக்கூற்று அழியும்போது வலக்கூற்று அட்டையையே கையில் வைத்துத் திகைக்கும் நிலையை இவ்விளையாட்டு நன்கு உணர்த்தும். இது இதன் சிறப்பு.

குறை எங்கே? கணக்கில்தான். அடியேன் தோட்டத்துக் கிராணி. தினமும் பெரட்டில் பெயர் எழுதுபவன். இந்தக் கணக்கில் பெயரும் இல்லை, காயமும் இல்லை. எடுத்த உருவம் பெட்டிக்குப் போகிறது. மறுநாள் மீண்டும் களத்துக்கு வருகிறது. பாரிட் சுலோங்கில் விட்டுவரப்பட்ட காயமுற்ற ஆஸ்திரேலியரும் இந்தியரும் ஏறத்தாழ 150 பேர் 1942 ஜனவரி 22-இல் கொல்லப்பட்டனர். அவர்கள் எந்தப் பெட்டியிலிருந்து திரும்பினர்?

போருக்குப் பின் வந்ததோ பலகையில் அறவே இல்லை. 1942-43-இல் சயாம் - பர்மா இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட நம் தோட்டத்து லயங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோயினர். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மடிந்தனர். அவர்கள் துப்பாக்கி ஏந்தவில்லை. ஆதலின் எவர் பதக்கக் கணக்கிலும் அவர்கள் சேரவில்லை.

‘விளையாட்டில் ஒப்பாரியை எதிர்பார்க்கலாமோ?’ என்பர். இலக்கணத்திலேயே எதிர்பார்த்தவர் நம் முன்னோர். தொல்காப்பியர் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று போர்முறைகளையும் வெற்றியையும் வகுத்ததோடு நின்றாரில்லை. காஞ்சியையும் புறத்திணையுள் வைத்தார். நிலையாமையும், கணவனை இழந்தாள் புலம்பலும் அதனுள் அடங்கும். புலம்புகின்றவளும் போரின் ஒரு பகுதி என்பதே அதன் பொருள். பழமை என்பதற்காக இதை நாம் போற்றவில்லை. நேர்மையான கணக்கு என்பதற்காகவே போற்றுகிறோம்.

ஆகவே இவ்விளையாட்டை விலக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. இளைஞர் ஆடட்டும். ஆணையின் எல்லையை அறியட்டும். ஆயின் மூவார்ப் போரைப் பலகையில் விரிப்பவர், ரப்பர்த் தோட்டத்தை மறைந்து நிற்கும் காடாக மட்டும் வைக்காமல், அதனுள் ஒரு லயத்தையும் வைக்க வேண்டும். அதன்வழியே படை சென்றால் பதக்கம் குறையும் என்று ஒரு விதியும் சேர்க்க வேண்டும். அதற்குரிய அட்டையை எழுதத் தமிழ் இளைஞரைவிடத் தகுதி உடையார் யார்?